பாதியில் நின்றுபோன எலக்ட்ரிக் கிட்டாரை மீட்டு முடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

யாரோ ஆசையாகத் தொடங்கி, பாதியில் விட்டு, கடைசியில் குப்பைக்கு ஒதுக்கிய கிட்டார் ஒன்று உங்கள் கைக்கு வந்திருக்கிறது. பெயின்ட் அடிக்காத பாடி, தனியாக ஒரு நெக் (விரல் வைத்து வாசிக்கும் கழுத்து), ஒரு பையில் கலந்து கிடக்கும் திருகுகள், ஒன்றிரண்டு பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சைகையாக்கும் காந்தச் சுருள்). பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துத் தேய்க்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டும். தொடங்கியவர் எந்த இடத்தில், ஏன் நிறுத்தினார்? நேரம் கிடைக்காமல் விட்டிருக்கலாம், வீடு மாறும்போது மூலையில் போட்டிருக்கலாம். ஆனால் நான் எடுத்து முடித்த கிட்டார்களில் பெரும்பாலும் காரணம் மரத்திலேயே தெரிந்தது. நண்பர் ஒருவர் பரணைக் காலி செய்யும்போது பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்த பாடி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஓரங்களெல்லாம் அவ்வளவு பொறுமையாக உருட்டித் தேய்க்கப்பட்டிருந்தன. பிரிட்ஜுக்கான (பாடியில் தந்திகளைத் தாங்கும் உலோகப் பாகம்) ஆறு துளைகளும் நேர்த்தி. ஆனால் நெக்கை வைத்து நூல் பிடித்தால், அந்த ஆறும் நடுக்கோட்டிலிருந்து 4 மிமீ விலகி இருந்தன. இரண்டு பலகைகளை ஒட்டிச் செய்த பாடி அது. ஒட்டு விழுந்த கோட்டையே நடுக்கோடு என்று நம்பித் துளை போட்டிருக்கிறார் அந்த மனிதர். பிறகு நெக்கை வைத்துப் பார்த்த நாளில் மனம் விட்டுப்போயிருக்கும். பசை காயும் நேரம் போக, அந்தத் துளைகளைச் சரிசெய்ய எனக்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது.

நின்றுபோன வேலையில் அநேகமாக இப்படி ஒரே ஒரு பிழைதான் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் மேலே பெயின்ட் அடித்தால், அவர் நின்ற அதே இடத்தில் நீங்களும் நிற்பீர்கள், பெயின்ட் செலவோடு சேர்த்து.

கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டுங்கள். ஈரத்துணி வேண்டாம், பென்சில் குறிகள் அழிந்துவிடும். அந்தக் குறிகள்தாம் முந்தையவர் விட்டுப்போன கடிதம். நெக் பாக்கெட்டுக்குள் (பாடியில் நெக் உட்காரும் பள்ளம்), பிக்கப் குழிக்குள், பாடியின் பின்பக்கம் எல்லாம் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். கோடு, எண், அம்புக்குறி எது இருந்தாலும் போட்டோ எடுத்து வையுங்கள்.

பாடியில் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்க, இரண்டு ஓரங்களையும் பிடித்து லேசாக முறுக்குங்கள். ஒட்டுக்கோடு மயிரிழை திறந்தாலும் கண்ணில் படும். வண்டு அரித்த பொடித்துளைகள் இருந்து, தட்டும்போது புதிதாக மாவு கொட்டினால், அந்தப் பாடியை மற்ற மரங்களிலிருந்து தள்ளி வையுங்கள். அதை விட்டுவிடுவதே நல்லது. மற்றபடி பாடியில் சரிசெய்ய முடியாத குறை மிக மிகக் குறைவு. மேலே பழைய பெயின்ட் இருந்து அதன் வயது தெரியாவிட்டால், உலரத் தேய்க்க வேண்டாம். பழைய பெயின்ட்களில் ஈயம் கலந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போகக் கூடாது.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பார்கள். கிட்டாருக்கு நெக்தான் அது. தலைப்பகுதியைக் கண்ணருகே வைத்து, துப்பாக்கிக்குக் குறி பார்ப்பதுபோல ஓரம் வழியாகப் பாருங்கள். முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ சீராக வளைந்திருந்தால் கவலையில்லை, பெரும்பாலும் ட்ரஸ் ராட் (நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகக் கம்பி) பார்த்துக்கொள்ளும். இடது ஓரமும் வலது ஓரமும் வெவ்வேறு மாதிரி தெரிந்தால் நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முறுக்கை ட்ரஸ் ராடால் எடுக்க முடியாது. பிறகு ட்ரஸ் ராடின் முனையிலுள்ள திருகுநட்டை முழுதும் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கால் சுற்று கால் சுற்றாக முறுக்கிப் பாருங்கள். நெக் அசைந்து கொடுத்தால் உயிர் இருக்கிறது. சுற்றிக்கொண்டே போயும் ஒரு மாற்றமும் இல்லை என்றாலோ, அசையவே மறுத்தாலோ, வேறு நெக் தேடுங்கள். இதில் பிடிவாதம் பிடித்து வாரக்கணக்கில் இழந்திருக்கிறேன். நெக் போய்விட்டால் பாடியைக் காப்பாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துத்தான் காப்பாற்ற வேண்டும் என்று கட்டாயமில்லை.

அளவுதான் எல்லாம்

ஆசாரிகள் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 மிமீ. நாற்காலியில் ஒரு நூல் பிசகினால் யாருக்கும் தெரியாது. கிட்டாரில் ஒரு நூல் பிசகினால் தந்தி ஃப்ரெட்போர்டின் (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகை) விளிம்பைத் தாண்டி நழுவும், ஸ்ருதியும் நிற்காது. அதனால் இந்தக் கட்டத்தில் அவசரமே வேண்டாம். மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது நீளம். நட் என்பது தலைப்பக்கம் தந்திகளைத் தாங்கும் சிறு பட்டை; ஃப்ரெட் என்பது ஃப்ரெட்போர்டில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. நட்டின் முன்விளிம்பிலிருந்து 12-ஆவது ஃப்ரெட்டின் நடுவரை அளந்து இரட்டியுங்கள். அதுதான் ஸ்கேல் நீளம். ஃபெண்டர் வழக்கத்தில் 25.5 அங்குலம், அதாவது 648 மிமீ. கிப்ஸன் வழக்கத்தில் 24.75 அங்குலம் என்று சொல்வார்கள், சுமார் 629 மிமீ. நெக் ஒரு வழக்கம், பாடி இன்னொரு வழக்கம் என்று கலந்துவிட்டதாலேயே நின்றுபோன கிட்டார்கள் உண்டு. ஃப்ரெட்போர்டு கையால் அறுத்ததாக இருந்தால் ஃப்ரெட் இடைவெளியையும் சோதியுங்கள். மீதமுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த ஃப்ரெட்டின் தூரம் கிடைக்கும். 648 மிமீ ஸ்கேலில் முதல் ஃப்ரெட் நட்டிலிருந்து 36.4 மிமீ, 5-ஆவது 162.5 மிமீ, 12-ஆவது 324 மிமீ. எப்போதும் நட்டிலிருந்தே அளந்து பாருங்கள்; ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் அளந்தால் சின்னச் சின்னப் பிழைகள் கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது நேர்க்கோடு. நெக்கைப் பாக்கெட்டில் வைத்துக் கிளாம்ப் போடுங்கள். திருகு இன்னும் வேண்டாம். நட்டின் இரு கடைசித் தந்தி இடங்களிலிருந்து பிரிட்ஜின் இரு கடைசிச் சாடில்கள்வரை (ஒவ்வொரு தந்தியும் பிரிட்ஜில் உட்காரும் நகர்த்தக்கூடிய சிறு துண்டு) கறுப்புத் தையல் நூலை இழுத்துக் கட்டுங்கள். கடைசி ஃப்ரெட் அருகே இரு பக்கமும் விளிம்பிலிருந்து நூல்வரை அளந்தால் ஒரே அளவு வர வேண்டும். சுமார் 3 மிமீ என்றால் நிம்மதி. ஒரு பக்கம் குறைந்தால் முதலில் நெக்கைப் பாக்கெட்டுக்குள் சற்றே திருப்பிப் பாருங்கள். பாக்கெட்டில் அரை மிமீ இடம் இருந்தாலே பிரிட்ஜ் பக்கம் நிறைய மாறும். அதிலும் சரியாகவில்லை என்றால் பிரிட்ஜின் இடம்தான் தவறு. பாடியின் ஒட்டுக்கோட்டையோ வெளி வடிவத்தையோ நடுக்கோடாக நம்பாதீர்கள். நெக் காட்டும் கோடுதான் நடுக்கோடு.

மூன்றாவது உயரம். நின்றுபோன வேலைகளில் அதிகம் மறக்கப்படுவது இதுதான். நேரான இரும்பு ஸ்கேல் ஒன்றை ஃப்ரெட்களின் மேல் வைத்து, பிரிட்ஜ் இருக்கும் இடம்வரை நீட்டுங்கள். அங்கே ஸ்கேலின் அடியிலிருந்து பாடியின் மேற்பரப்புவரை அளந்து, அதோடு 3 மிமீ கூட்டுங்கள். சாடிலின் உச்சி நிற்க வேண்டிய உயரம் அதுதான். உதாரணமாக, 16 மிமீ ஆழப் பாக்கெட்டில் 25.4 மிமீ தடிமன் உள்ள நெக் உட்கார்ந்தால் ஃப்ரெட்போர்டு பாடிக்கு மேல் 9.4 மிமீ நிற்கும். ஃப்ரெட் 1 மிமீ, கூட்டிய 3 மிமீ சேர்த்து 13.4 மிமீ. உங்கள் பிரிட்ஜின் சாடில்கள் மிகக் கீழே இறக்கினால் எவ்வளவு, மிக மேலே ஏற்றினால் எவ்வளவு என்று அளந்து, இந்த எண் நடுவில் விழுகிறதா என்று பாருங்கள். சாடிலை முழுக்க இறக்கியும் அந்த எண்ணைவிட உயரமாகவே நிற்கிறது என்றால் நெக் ஆழமாக உட்கார்ந்திருக்கிறது. பாக்கெட்டின் தரையில் மெல்லிய மரத்தகடு ஒட்டி உயர்த்தலாம். அல்லது பிரிட்ஜ் பக்கம் தடித்து, மறுபக்கம் மெலியும் ஆப்புத் தகடு ஒன்றை வைத்து நெக்கைப் பின்னால் சாய்க்கலாம். காகிதத் துண்டை மடித்து ஒரு மூலையில் மட்டும் செருகும் பழக்கம் வேண்டாம். அடியில் வெற்றிடம் விட்டால் திருகு இழுக்கும் இழுப்பில் நெக்கின் முனை காலப்போக்கில் வளைந்து எழும்பலாம். சாடிலை முழுக்க ஏற்றியும் எண் எட்டவில்லை என்றால் பாக்கெட்டை இன்னும் ஆழப்படுத்த வேண்டும்.

தவறான துளைகளை மூடுதல்

பட்டி வைத்து அடைத்த துளை திருகைத் தாங்காது. மரத்தைத்தான் வைக்க வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடையில் வரும் உருண்டைக் குச்சியைச் செருகினால் அதன் நார் நெட்டுக்குத்தாக நிற்கும். நார் முனையில் இறங்கும் திருகுக்குப் பிடி குறைவு. பலகையின் முகத்திலிருந்து பிளக் கட்டரால் வெட்டிய வில்லையின் நார், பாடியின் நாரோடு ஒரே திசையில் படுக்கும். திருகும் நன்றாகக் கடிக்கும், மேலே எண்ணெய் பூசினாலும் கண்ணை உறுத்தாது. பழைய துளையைச் சற்றுப் பெரிதாக்கி, வில்லையை மரப்பசையோடு இறக்கி, ஒரு நாள் காயவிட்டு, மேல்மட்டத்துக்கு உளியால் சீவுங்கள்.

பிரிட்ஜுக்குப் புதுத் துளை போடும்போது உயர் ஈ (மிக மெல்லிய) தந்தியின் சாடிலை முன்பக்கம் கிட்டத்தட்டக் கடைசிவரை தள்ளி, ஒன்றிரண்டு மிமீ மட்டும் மிச்சம் வையுங்கள். அந்த நிலையில் சாடில் உச்சி ஸ்கேல் நீளத்தைவிட 1 அல்லது 2 மிமீ பின்னால் விழ வேண்டும். தடித்த தந்திகளுக்குச் சாடில் இன்னும் பின்னே போக வேண்டியிருக்கும் என்பதால், பின்பக்கம் இடம் இருப்பதுதான் முக்கியம்.

பிரிட்ஜின் அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு (வால்யூம், டோன் பாகங்கள் உட்காரும் இடம்) போகும் கிரவுண்ட் (எர்த்) ஒயர் துளை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பாதியில் நின்ற பாடிகளில் இது பெரும்பாலும் இருக்காது.

நெக்கை மாட்டுதல்

பாடியில் திருகு தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். நெக்கில் மட்டும்தான் அது கடிக்க வேண்டும். இரண்டிலும் கடித்தால் எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். வழக்கமான 4.2 மிமீ திருகுக்குப் பாடியில் 4.5 மிமீ துளை, மேப்பிள் நெக்கில் 3.2 மிமீ முன்துளை. துளை போடும் முன் திருகின் நீளத்தைக் கணக்குப் பாருங்கள். 44.5 மிமீ பாடியில் 16 மிமீ பாக்கெட் போக 28.5 மிமீ மரம். உலோகத் தகடு 1.5 மிமீ. ஆக, 45 மிமீ திருகு நெக்குக்குள் 15 மிமீ இறங்கும். 25 மிமீ தடிமனில் அது பத்திரம். பாக்கெட் இருக்கும் இடத்தில் பாடி மெலிதாகச் சீவப்பட்டிருந்தால் அதே திருகு ஃப்ரெட்போர்டைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். டிரில் பிட்டில் ஆழத்துக்கு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். திருகின் மரையில் மெழுகுவத்தியைத் தேய்த்து இறக்கினால் கடினமான மேப்பிளில்கூடத் திருகு முறியாது. சோப்பு வேண்டாம், ஈரம் இழுக்கும்.

ஃப்ரெட்களுக்கு வருவோம். மூன்று ஃப்ரெட்கள்மேல் மட்டும் படும் நீளத்தில் ஒரு சிறிய நேர்ப்பட்டையை வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் நடு ஃப்ரெட் எழும்பியிருக்கிறது. முதலில் அது முழுதாகப் பதியாமல் நிற்கிறதா என்று பார்த்து, மரச்சுத்தியலால் தட்டி இறக்கி, அடியில் சொட்டு சூப்பர் குளூ விட்டு அழுத்திப் பிடியுங்கள். பிறகும் மேடுபள்ளம் இருந்தால் ட்ரஸ் ராடால் நெக்கை நேராக்கி, எல்லா ஃப்ரெட் உச்சியிலும் மார்க்கரால் கோடிட்டு, சமப்பட்டையில் 400 எண் உப்புத்தாள் ஒட்டித் தேயுங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் மை அழியும்வரை மட்டுமே. தட்டையான உச்சியை கிரவுன் அரத்தால் மறுபடி உருட்டி, மெருகேற்றுங்கள். இரும்புக் கம்பளி பயன்படுத்தினால் பிக்கப்கள் வேறு அறையில் இருக்கட்டும். காந்தத்தில் ஒட்டிய இரும்புத் துகளை எடுப்பது பெரும்பாடு.

பெயின்ட்டுக்கு முன் வெள்ளோட்டம்

இதைத் தவிர்க்காதீர்கள். ஒருமுறை எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி, பளபளக்கும் லேக்கர் போட்ட பிறகு ஜாக் (கேபிள் செருகும்) துளை சிறியது என்று கண்டேன். பெரிதாக்கும்போது நகக்கண் அளவுக்கு லேக்கர் பெயர்ந்து வந்தது. மூன்று வார வேலை. இப்போதெல்லாம் பூச்சு எதுவும் அடிக்காத மரத்திலேயே நெக், பிரிட்ஜ், ட்யூனர் (தந்தி முறுக்கும் திருகாணி), பிக்கப், நாப் எல்லாவற்றையும் மாட்டி, ஆறு தந்தியும் கட்டி, இரண்டு நாள் அப்படியே வைத்துவிடுவேன். 10 முதல் 46 வரையிலான (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தடிமன்) தந்திகள் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும். ஒட்டு விடுவதோ, ட்யூனர் துளை தளர்வதோ, நெக் நகர்வதோ இந்த இரண்டு நாளில் தெரிந்துவிடும். நட்டின் வெட்டுகளையும் இப்போதே பாருங்கள். 2-ஆவது, 3-ஆவது ஃப்ரெட்களுக்கு நடுவில் தந்தியை அழுத்தினால், முதல் ஃப்ரெட்டுக்கும் தந்திக்கும் இடையே ஒரு காகிதம் நுழையும் அளவுக்குச் சந்து இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அராவுங்கள். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டியதாகிவிடும்.

எல்லாம் சரி என்றால் கழற்றி, திருகுகளை இடம் எழுதிய தனித்தனி உறைகளில் போடுங்கள்.

மேற்பூச்சு

உப்புத்தாள் 120, 180, 240, 320 என்று படிப்படியாக, நார் ஓடும் திசையில். ஒரு எண்ணைத் தாண்டிக் குதித்தால் முந்தைய கீறல் பெயின்ட்டுக்கு அடியில் எழும்பி வரும். 240 முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, நார் சிலிர்த்து எழுந்து காய்ந்த பிறகு 320-ஆல் மெல்லத் தேயுங்கள். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து வைத்துப் பார்த்தால் மறைந்திருக்கும் கீறல் எல்லாம் நிழலோடு தெரியும்.

மகோகனி, ஆஷ் போன்ற மரங்களில் நுண்துளைகள் திறந்திருக்கும். கண்ணாடிபோல வழவழப்பு வேண்டும் என்றால் கிரெய்ன் ஃபில்லர் பூசித் துளைகளை அடைக்க வேண்டும். ஆல்டர், மேப்பிள், பாஸ்வுட்டுக்குத் தேவையில்லை. மரம் எதுவென்று தெரியாவிட்டால் தேய்த்த இடத்தை உற்றுப் பாருங்கள். ஊசியால் கீறிய மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் தெரிந்தால் திறந்த துளை.

முதல் கிட்டாருக்கு டங் ஆயில் போன்ற எண்ணெய்ப் பூச்சையே சொல்வேன். துணியால் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, மறுபடி. ஐந்தாறு முறை. பிழை நேர்ந்தாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். காயும்போது உண்டாகும் சூடு சுருட்டிய துணிக்குள் தேங்கி, நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். விரித்துப் போட்டு வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் ஊறவைத்துவிடுங்கள்.

நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் வேண்டும் என்றால் காற்றோட்டமான இடமும், ஆவியைத் தடுக்கும் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் கட்டாயம். சாதாரணத் தூசி மாஸ்க் ஆவியைத் தடுக்காது. மெல்லிய பூச்சுகளாக, நாளுக்கு மூன்றுக்கு மேல் போகாமல் அடியுங்கள். பிறகு மூன்று நான்கு வாரம் தொடாமல் தொங்கவிடுங்கள். மூக்கை வைத்துப் பார்த்தால் வாசனை இன்னும் வருகிறதா? அப்படியானால் இன்னும் காயவில்லை. காய்ந்ததும் 1000, 1500, 2000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகூட்டுங்கள். திருகுத் துளைகளுக்குள் தண்ணீர் இறங்கவிடாதீர்கள். மரம் உப்பி, துளையைச் சுற்றி லேக்கர் வெடிக்கும்.

நெக் பாக்கெட்டுக்குள் பூச்சு படாமல் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பூச்சு ஏறினால் நெக் இறுகி, மாட்டும்போது மூலையில் விரிசல் விழும். மேப்பிள் நெக்குக்கும் ஒரு பூச்சு தேவை; பச்சையாக விட்டால் அழுக்கும் ஈரமும் ஏறும்.

மின் இணைப்பு

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) என்றால் பெரும்பாலும் 5 முதல் 7 கிலோ ஓம், ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) என்றால் 7 முதல் 9 வரை. கம்பியை அதிகமாகச் சுற்றியவை இன்னும் அதிகம் காட்டும். முடிவிலி மின்தடை என்று காட்டினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் நாப்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர்), ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம். டோன் கெப்பாசிட்டர் 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட்.

குழிகளுக்குள் காப்பர் டேப் ஒட்டி, ஒவ்வொரு துண்டும் அடுத்ததோடு மின்தொடர்பில் இருக்கிறதா என்று மீட்டரில் சோதித்து, கிரவுண்டோடு இணையுங்கள். இரைச்சல் நன்றாகக் குறையும். பாட்டின் முதுகில் சால்டர் ஒட்ட மறுத்தால் அந்த இடத்தை அரத்தால் சுரண்டுங்கள். நல்ல சூடான அயர்னை மூன்று நான்கு நொடி வைத்து எடுப்பது, சூடு குறைந்ததை அரை நிமிடம் அழுத்திப் பாட்டைப் பொசுக்குவதைவிட எவ்வளவோ மேல். மூடும் முன் ஆம்ப்பில் செருகி, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் மெல்லத் தட்டிப் பாருங்கள். இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும்போது சத்தம் மெலிந்து ஒல்லியாகக் கேட்டால் ஒன்றின் ஒயர்களை மாற்றிப் பற்றவையுங்கள்.

ஸ்ருதிக்குக் கொண்டுவருதல்

வரிசை முக்கியம்: நெக்கின் வளைவு, தந்தி உயரம், இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் ஸ்ருதி சரியாக நிற்பது), பிக்கப் உயரம். ஒன்றை மாற்றினால் அடுத்தது எல்லாம் மாறும் என்பதால் தலைகீழாகப் போனால் வேலை முடியவே முடியாது.

ஸ்ருதி சேர்த்து, தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்துங்கள். 7-ஆவது ஃப்ரெட் அருகே 0.2 முதல் 0.3 மிமீ சந்து வேண்டும். சாதாரண அச்சுத் தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மிமீ, இரண்டு மூன்று தாள் நுழைந்தால் சரி. சந்து அதிகம் என்றால் ட்ரஸ் ராடைக் கடிகாரச் சுற்றில் கால் சுற்று. பிறகு 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம்: மெல்லிய ஈ 1.6 மிமீ, தடித்த ஈ 2 மிமீ என்று தொடங்கி உங்கள் கைக்கு ஏற்றபடி மாற்றுங்கள்.

இன்டொனேஷனுக்கு 12-ஆவது ஃப்ரெட்டின் ஹார்மோனிக்கையும் (ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி), அதே ஃப்ரெட்டில் அழுத்தி மீட்டிய ஸ்வரத்தையும் ஸ்ருதி காட்டும் ட்யூனர் கருவியில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறிக் கேட்டால் சாடிலை நெக்கிலிருந்து தள்ளிப் பின்னால் நகர்த்துங்கள், இறங்கிக் கேட்டால் முன்னால். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் மறுபடி ஸ்ருதி சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். புதுத் தந்தியில் மட்டுமே செய்யுங்கள். பிக்கப்பை, கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திய நிலையில், 2 முதல் 2.5 மிமீ தள்ளி வைத்து, காதால் சரிசெய்துகொள்ளுங்கள்.

புதிதாக இழுவைக்கு வந்த நெக் முதல் சில நாள்கள் அசைந்துகொண்டேதான் இருக்கும். ஒரு வாரம் வாசித்துவிட்டு, தந்திகளைத் தளர்த்தி நெக் திருகுகளை ஒருமுறை இறுக்கி, வளைவையும் இன்டொனேஷனையும் மறுபடி பாருங்கள். பருவம் மாறும்போது காற்றின் ஈரத்தோடு நெக் மீண்டும் கொஞ்சம் நகரும். அப்போது ட்ரஸ் ராட் சாவி கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.